பின்பால் இயந்திரம்

பின்பால் என்பது கண்ணாடி மூடிய சாய்வான பலகையின் மீது உருளும் எஃகுப் பந்தை, ஆடுபவர் இரு துடுப்புகளால் தட்டிக் கீழே விழாமல் காத்துப் புள்ளிகள் சேர்க்கும் ஒரு விளையாட்டு ஆகும். இதற்கெனத் தயாரிக்கப்படும், நாணயமிட்டு ஆடும் பெட்டி பின்பால் இயந்திரம் எனப்படுகிறது. 20 ஆம் நூற்றாண்டில் இவ்வியந்திரங்களின் உற்பத்தி பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நடைபெற்றது. 1999 ஆம் ஆண்டு இறுதியில் உலகில் குறிப்பிடத்தக்க பின்பால் உற்பத்தி நிறுவனம் ஒன்று மட்டுமே எஞ்சியிருந்தது. அதன்பின் பழைய இயந்திரங்களைப் பழுது பார்த்தும், சேகரித்தும், சொந்தமாக உருவாக்கியும் வந்த ஆர்வலர்களே இவ்விளையாட்டைக் காத்து நின்றனர். 2010களில் அவர்களிடையே இருந்து பல சிறு உற்பத்தி நிறுவனங்கள் தோன்றின. அவற்றுள் சில நிலைத்தன. சில, வாங்குவோரின் முன்பணத்தோடு மறைந்தன.

பெயரும் தோற்றமும்

ஆங்கிலத்தில் 'பின்' என்பது ஊசி அல்லது ஆணியையும், 'பால்' என்பது பந்தையும் குறிக்கும். தொடக்க கால இயந்திரங்களில் பலகை முழுவதும் அடிக்கப்பட்டிருந்த சிறு ஆணிகளில் பந்து மோதி வழி மாறிச் சென்றதால் இப்பெயர் ஏற்பட்டது.

இதன் முன்னோடி 18 ஆம் நூற்றாண்டில் பிரான்சில் ஆடப்பட்ட பகடெல் என்னும் மேசை விளையாட்டு ஆகும். இதில் கோலால் பந்தை உந்தி, ஆணிகளைக் கடந்து குழிகளில் விழச் செய்தனர். இங்கிலாந்தில் இருந்து அமெரிக்காவில் குடியேறிய மாண்டேகு ரெட்கிரேவ் என்பவர் 1871 ஆம் ஆண்டு பகடெல் மேசையில் செய்த மேம்பாடுகளுக்குக் காப்புரிமை பெற்றார். கோலுக்குப் பதிலாகச் சுருள்வில் பொருத்திய உந்துதண்டை அவர் பயன்படுத்தினார். இவ்வுந்துதண்டு இன்றைய இயந்திரங்களிலும் காணப்படுகிறது.

1931 ஆம் ஆண்டு டேவிட் காட்லீப் வெளியிட்ட 'பாஃபிள் பால்' பெரும் வெற்றி பெற்ற முதல் நாணய இயந்திரம் ஆகும். 17.50 டாலர் விலையுள்ள இவ்வியந்திரம் ஏறத்தாழ 50,000 விற்றது. பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் மக்கள் ஒரு சென்ட் காசில் பெறக்கூடிய பொழுதுபோக்காக இது அமைந்தது. காட்லீப்பின் இயந்திரங்களை விற்றுவந்த ரேமண்ட் மலோனி, தேவைக்கேற்ப அவை கிடைக்காததால் 1932 இல் 'பாலிஹூ' என்னும் இயந்திரத்தைத் தாமே உருவாக்கினார். பாலி நிறுவனத்தின் பெயர் இதிலிருந்தே வந்தது. 1933 இல் ஹாரி வில்லியம்ஸ் வடிவமைத்த 'கான்டாக்ட்' இயந்திரம் மின்விசையால் பந்தைக் குழியிலிருந்து வெளியே தள்ளியது.

1947 ஆம் ஆண்டு வரை ஆடுபவர், பந்தை ஏவிய பிறகு இயந்திரத்தை மெல்ல அசைப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. அவ்வாண்டு காட்லீப் நிறுவனத்தின் ஹாரி மாப்ஸ் வடிவமைத்த 'ஹம்ப்டி டம்ப்டி' இயந்திரத்தில் மின்விசையால் இயங்கும் ஆறு துடுப்புகள் இடம்பெற்றன. அடுத்த ஆண்டு ஜென்கோ நிறுவனத்தின் ஸ்டீவ் கோர்டெக், 'டிரிபிள் ஆக்சன்' என்னும் இயந்திரத்தில் இரு துடுப்புகளைப் பலகையின் அடிப்பகுதியில் வைத்தார். பின்னர் இவ்வமைப்பே பொதுவழக்காயிற்று. நல்லூழை நம்பிய விளையாட்டு கைத்திறன் விளையாட்டாக மாறியது இவ்விரு ஆண்டுகளிலேயே ஆகும்.

அமைப்பு

பின்பால் இயந்திரத்தின் முதன்மைப் பகுதிகள் பின்வருமாறு:

* ஆடுபலகை: சுமார் அரை அங்குலத் தடிமனுள்ள ஒட்டுப்பலகை. கணினிவழி இயங்கும் வெட்டுப்பொறியால் துளைகள் இடப்பட்டு, ஓவியம் அச்சிடப்பட்டு, மேலே தெளிபூச்சு பூசப்படுகிறது. இது பொதுவாக 6.5 பாகை சாய்வில் பொருத்தப்படும்.
* பந்து: ஏறத்தாழ 27 மில்லிமீட்டர் விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு.
* துடுப்புகள்: பெட்டியின் இருபுறமும் உள்ள பொத்தான்களை அழுத்தும்போது மேலெழும் கைகள். ஆங்கிலத்தில் இவை பிளிப்பர் எனப்படும்.
* பம்பர்கள்: பந்து பட்டவுடன் அதனை எதிர்த்து உதைக்கும் வட்ட வடிவ அமைப்புகள்.
* இலக்குகள், சரிவுப் பாதைகள், சுழலிகள்: பந்து படும்போதோ கடக்கும்போதோ புள்ளி தருபவை.
* தலைப்பெட்டி: ஓவியக் கண்ணாடியும் புள்ளிக் காட்சியும் கொண்ட மேற்பெட்டி.
* அசைவுணரி: ஆடுபவர் இயந்திரத்தை அளவுக்கு மீறி உலுக்கினால் ஆட்டத்தை நிறுத்தும் கருவி. ஊசல் போலத் தொங்கும் ஓர் உலோகக் குண்டு, தன்னைச் சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டால் மின்சுற்று மூடும்.

துடுப்பின் இயக்கம் மின்காந்தவியலுக்கு நல்ல எடுத்துக்காட்டு ஆகும். துடுப்பை இயக்கும் வரிச்சுருளில் இரு சுற்றுகள் உள்ளன. பொத்தானை அழுத்தியதும் தடித்த கம்பியாலான, மின்தடை குறைந்த முதற்சுற்றில் அதிக மின்னோட்டம் பாய்ந்து துடுப்பை விசையுடன் உயர்த்துகிறது. துடுப்பு உச்சத்தை எட்டியவுடன் ஒரு சுவிட்ச் திறந்து, மெல்லிய கம்பியாலான இரண்டாம் சுற்றின் வழியாகக் குறைந்த மின்னோட்டம் மட்டும் பாயச் செய்கிறது. துடுப்பை உயர்ந்த நிலையில் நிறுத்திவைக்க இதுவே போதும். இந்தச் சுவிட்ச் திறக்கத் தவறினால் முதற்சுற்று சூடேறிச் சில நொடிகளில் கருகிவிடும். பழைய இயந்திரங்களில் அடிக்கடி ஏற்படும் பழுதுகளுள் இதுவும் ஒன்று. பல புதிய இயந்திரங்களில் மென்பொருளே மின்னோட்டத்தைத் துடிப்புகளாக வெட்டி இவ்வேலையைச் செய்கிறது.

இக்கால இயந்திரம் ஒன்று நூறு கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடை கொண்டது. அதில் சுமார் 3,500 பாகங்களும் ஏறத்தாழ அரை மைல் நீள மின்கம்பியும் இருப்பதாகக் கூறப்படுகிறது. சிறு உற்பத்தியாளர்களின் இடர்ப்பாடுகளைப் புரிந்துகொள்ள இவ்வெண்ணிக்கையை நினைவில் கொள்ளுதல் நலம்.

ரிலேயிலிருந்து நுண்செயலிக்கு

1970களின் நடுப்பகுதி வரை பின்பால் இயந்திரங்களில் கணினி இல்லை. எத்தனையாவது பந்து, எவ்வளவு புள்ளி, எந்த இலக்கு முன்பே விழுந்துவிட்டது ஆகியவற்றை ரிலேக்களும், படிப்படியாக நகரும் சக்கரங்களும், மோட்டாரால் சுழலும் மேடுபள்ளத் தட்டுகளும் நினைவில் வைத்திருந்தன. ஆரணி, காஞ்சிபுரம் பட்டுத் தறிகளின் மேல் உள்ள ஜக்கார்டு பெட்டியில், துளையிட்ட அட்டைகள் எந்தப் பாவு நூல் உயரவேண்டும் எனத் தீர்மானிப்பதை இதனுடன் ஒப்பிடலாம். இரண்டிலும் பொறியின் உறுப்புகளே கட்டளைகளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றைக் கண்ணால் பார்த்துப் பழுதைக் கண்டறிய முடியும் என்பதும் இரண்டுக்கும் பொது. வேறுபாடு யாதெனில், தறியின் அட்டைகள் முன்பே முடிவு செய்த வடிவத்தை நெய்கின்றன. பின்பாலின் ரிலேக்களோ பந்து எங்கே பட்டது என்பதற்கேற்ப நிலை மாறுகின்றன.

1975 இல் மிர்கோ நிறுவனத்தின் 'ஸ்பிரிட் ஆஃப் 76' நுண்செயலியைக் கொண்டு வெளிவந்தது. சில ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் அனைத்தும் நுண்செயலிக்கு மாறின. வில்லியம்ஸ் நிறுவனம் 1979 இல் வெளியிட்ட 'கார்கர்' பேசும் முதல் பின்பால் இயந்திரம் ஆகும். பாட் லாலர் வடிவமைத்து 1992 இல் வெளிவந்த 'தி ஆடம்ஸ் ஃபேமிலி' 20,270 இயந்திரங்கள் விற்று, நுண்செயலிக் காலத்தின் விற்பனைச் சாதனையை நிகழ்த்தியது.

தடையும் மீட்பும்

பின்பால் நெடுங்காலம் சூதாட்டமாகக் கருதப்பட்டது. நியூயார்க் மேயர் லா கார்டியா 1942 ஆம் ஆண்டு நகரில் அதனைத் தடை செய்தார். பள்ளிச் சிறுவர்களின் காசு பறிபோகிறது என்பதும், இத்தொழிலின் பின்னே குற்றக் கும்பல்கள் உள்ளன என்பதும் அவரது வாதங்கள். பறிமுதலான இயந்திரங்கள் சம்மட்டியால் உடைக்கப்பட்டன. லாஸ் ஏஞ்சல்ஸ், சிக்காகோ ஆகிய நகரங்களிலும் தடை இருந்தது. இயந்திரங்கள் உற்பத்தியான சிக்காகோவிலேயே அவற்றை ஆட இயலாத நிலை நிலவியது.

1974 இல் கலிபோர்னியா மாநில உச்சநீதிமன்றம் லாஸ் ஏஞ்சல்ஸ் தடையை நீக்கியது. 1976 ஏப்ரலில் நியூயார்க் நகர மன்றக் குழுவின் முன் ரோஜர் சார்ப் என்னும் இதழாளர் பின்பால் ஆடிக் காட்டினார். அடுத்த பந்தை மேற்பகுதியின் நடுப்பாதை வழியே செலுத்தப் போவதாக முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே செலுத்தினார். இது திறன் சார்ந்த விளையாட்டு என்பதை ஏற்று, 34 ஆண்டுத் தடை அவ்வாண்டு நீக்கப்பட்டது.

பெருந்தொழிலின் வீழ்ச்சி

1990களின் நடுப்பகுதியில் நிகழ்பட ஆட்டங்களும் வீட்டுக் கணினிகளும் பெருகின. பின்பால் இயந்திரம் வைத்திருக்கும் கடைக்காரருக்கு மற்றொரு சிக்கலும் இருந்தது. திரையில் ஓடும் ஆட்டத்தில் தேய்வதற்கு அதிகம் ஏதுமில்லை. பின்பாலிலோ ரப்பர் வளையம், மின்விளக்கு, வரிச்சுருள், சுவிட்ச் ஆகியவற்றை இடைவிடாது கவனிக்க வேண்டும். 1996 இல் காட்லீப் பெயரில் இயங்கிய உற்பத்தி நின்றது. வில்லியம்ஸ் நிறுவனம் 1999 இல் பின்பாலையும் திரைக் காட்சியையும் இணைத்து 'பின்பால் 2000' என்னும் புதிய அமைப்பைக் கொணர்ந்தது. ஆயினும் அதே ஆண்டு அக்டோபரில் பின்பால் பிரிவை மூடியது. இவ்வரலாற்றை 'டில்ட்' (2006) என்னும் ஆவணப்படம் விவரிக்கிறது.

1999 இல் சேகா நிறுவனத்தின் பின்பால் பிரிவை வாங்கிய கேரி ஸ்டெர்ன், அதனை ஸ்டெர்ன் பின்பால் என்ற பெயரில் நடத்தலானார். அடுத்த பத்தாண்டுகளுக்கு மேலாக இந்நிறுவனமே இத்துறையின் ஒரே குறிப்பிடத்தக்க உற்பத்தியாளராக விளங்கியது.

ஆர்வலர் சமூகம்

கடைகளில் இருந்து வெளியேற்றப்பட்ட இயந்திரங்கள் ஆர்வலர்களின் வீடுகளுக்குச் சென்றன. பாகங்கள் செய்த நிறுவனங்களே மறைந்துவிட்டதால் பழுது பார்ப்பதையும் பாகம் செய்வதையும் அவர்களே கற்றனர். தேய்ந்த ஓவியத்தைத் திருத்துதல், நெகிழி உறுப்புகளை மீண்டும் வார்த்தல், மின்சுற்றுப் பலகைகளை மறுவடிவமைத்தல் ஆகியவை சிறு தொழில்களாக வளர்ந்தன. தயாரிப்பாளர், ஆண்டு, எண்ணிக்கை ஆகிய விவரங்களைக் கொண்ட தரவுத்தளமும் தன்னார்வலர் உழைப்பால் உருவானது.

சிக்காகோவில் 1985 முதல் பின்பால் கண்காட்சி நடைபெற்று வருகிறது. லாஸ் வேகாசில் டிம் ஆர்னால்டு 2006 இல் திறந்த பின்பால் அருங்காட்சியகத்தில், காட்சிக்கு உள்ளவற்றை நாணயமிட்டு ஆடலாம். இது தன்னார்வலரைக் கொண்டு இலாபநோக்கின்றி நடத்தப்படுவது ஆகும். அங்கேரியின் புடாபெஸ்ட் நகரிலும் 2014 இல் ஓர் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. பன்னாட்டு பிளிப்பர் பின்பால் சங்கம் 2006 இல் புத்துயிர் பெற்று, போட்டி முடிவுகளின் அடிப்படையில் ஆட்டக்காரர்களுக்கு உலகத் தரவரிசை வழங்குகிறது.

வீட்டுப் பட்டறை இயந்திரங்கள்

ஒருவர் தம் வீட்டில் தாமே வடிவமைத்துச் செய்யும் ஒற்றை இயந்திரத்திற்கும் இச்சமூகத்தில் இடமுண்டு. தொடக்கத்தில் இதற்குப் பெரும் தடையாக இருந்தது மின்னணுவியல் ஆகும். பத்துக்கணக்கான சுவிட்சுகளை நொடிக்குப் பலநூறு முறை கவனித்து, வரிச்சுருள்களை உரிய கணத்தில் இயக்கி, உடனே நிறுத்தவும் வேண்டும்.

2009 இல் வெளிவந்த பி-ராக் என்னும் கட்டுப்பாட்டுப் பலகை இத்தடையை நீக்கியது. இது இயந்திரத்தைச் சாதாரணக் கணினியுடன் இணைத்து, ஆட்ட விதிகளைப் பைத்தான் போன்ற நிரல்மொழியில் எழுத வழிசெய்தது. நேர நெருக்கடி மிக்க வேலைகளைப் பலகை பார்த்துக்கொள்ள, விதிகளைக் கணினி பார்த்துக்கொள்கிறது. பின்னர் வந்த 'மிஷன் பின்பால்' என்னும் திறமூல மென்பொருளைக் கொண்டு, நிரலெழுத அறியாதவரும் எளிய உரைக் கோப்புகளின் மூலம் விதிகளை அமைக்கலாம். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த 'விசுவல் பின்பால்' என்னும் மென்பொருள், பலகையை வெட்டும் முன்னரே திரையில் ஆடிப் பார்க்க உதவுகிறது.

சிறு உற்பத்தியாளர்கள்

2011 இல் ஜாக் குவார்னியேரி நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜெர்சி ஜாக் பின்பால் நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் இயந்திரங்களைப் பழுது பார்த்தும் விற்றும் அனுபவம் பெற்றவர். முதல் இயந்திரமான 'தி விசார்டு ஆஃப் ஓஸ்' 2013 இல் வாங்கியோரைச் சென்றடைந்தது. முன்பணம் செலுத்தியவர்கள் நெடுநாள் காத்திருந்த போதிலும் இயந்திரம் அவர்கள் கைக்குக் கிடைத்தது. ஸ்டெர்ன் நிறுவனத்திற்குப் போட்டியாளர் ஒருவர் தோன்ற முடியும் என்பதை இது மெய்ப்பித்தது.

விஸ்கான்சின் மாநிலத்தில் சுமார் ஆயிரம் பேர் வாழும் பென்டன் என்னும் சிற்றூரில் இயங்கும் ஸ்பூக்கி பின்பால், சிறு அளவிலான உற்பத்திக்குச் சிறந்த சான்று ஆகும். பின்பால் ஒலிநிகழ்ச்சி நடத்திவந்த சார்லி எமரி, குடும்பத்தாருடன் 2013 இல் இதனைத் தொடங்கினார். மின்னணுக் கருவிகளைத் தாமே உருவாக்குவதில் பெயர்பெற்ற பென் ஹெக்கன்டார்ன் வடிவமைத்த 'அமெரிக்காஸ் மோஸ்ட் ஹான்டட்' இதன் முதல் இயந்திரம். 150 மட்டுமே செய்யப்பட்டன. அடுத்து 2016 இல் 300, 2017 இல் ஸ்காட் டனேசியின் 'டோட்டல் நியூக்ளியர் அனிஹிலேஷன்' 550 என எண்ணிக்கை உயர்ந்தது. இவ்வியந்திரம் முதலில் டனேசி தமக்காகச் செய்த வீட்டுப் பட்டறை இயந்திரமே ஆகும். 2020 இல் அறிவிக்கப்பட்ட 750 இயந்திரங்கள் சில மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. செய்யக்கூடிய எண்ணிக்கையை முன்னரே வரையறுத்தது இந்நிறுவனத்தின் போக்கில் காணத்தக்கது.

முன்பணமும் இழப்பும்

சிறு உற்பத்தியாளர் பலர் முதலீட்டிற்கு வாங்குவோரின் முன்பணத்தையே நம்பினர். ஓர் இயந்திரத்தின் விலை பல ஆயிரம் டாலர்கள். நூறு பேர் முன்பணம் செலுத்தினால் பட்டறை தொடங்கும் அளவுக்குத் தொகை சேர்ந்துவிடும். ஆனால் மாதிரி ஒன்று செய்வதற்கும், அதையே நூறு முறை ஒரே தரத்தில் செய்வதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. ஆயிரக்கணக்கான பாகங்களுள் ஒன்று வராவிட்டாலும் இயந்திரம் முடிவு பெறாது. வாடகையும் ஊதியமும் மட்டும் நிற்பதில்லை. உற்பத்தி தாமதமாகும்போது முன்பணம் கரைகிறது. நிறுவனம் நொடித்தால், முன்பணம் தந்தவர் பொதுவாக ஈடு ஏதுமற்ற கடனீந்தவராகக் கடைசி வரிசையில் நிற்க நேரிடுகிறது.

* சிட்வேர்: வில்லியம்ஸ் நிறுவனத்தின் முன்னாள் வடிவமைப்பாளர் ஒருவர் 2011 அளவில் தொடங்கிய இந்நிறுவனம், முன்பணம் பெற்ற இயந்திரங்களை முடிக்க இயலாமல் 2015 இல் நின்றது. இவற்றுள் ஒரு வடிவத்தின் சில இயந்திரங்கள் மட்டும் பின்னர் வேறொரு நிறுவனத்தால் முடித்துத் தரப்பட்டன.
* ஹெய்வே பின்பால்: வேல்சில் இயங்கிய இந்நிறுவனம் 'ஏலியன்' இயந்திரத்தின் உற்பத்தி நடுவே 2018 இல் மூடப்பட்டது. அவ்வடிவத்தைப் பின்பால் பிரதர்ஸ் என்னும் வேறொரு ஐரோப்பிய நிறுவனம் 2021 இல் மீண்டும் வெளியிட்டது.
* டச்சு பின்பால்: நெதர்லாந்தைச் சேர்ந்த இந்நிறுவனத்தின் 'தி பிக் லெபோவ்ஸ்கி' உற்பத்தி, ஒப்பந்த உற்பத்தியாளருடன் ஏற்பட்ட தகராறால் தொடக்கத்திலேயே நின்று, சில ஆண்டுகள் கழித்தே மீண்டும் தொடங்கியது.
* டீப்ரூட்: டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோவில் சிட்வேர் வடிவங்களை முடித்துத் தருவதாக முன்வந்த இந்நிறுவனமும் அதைச் செய்யவில்லை. இதன் உரிமையாளர் நடத்திய முதலீட்டு நிதிகள் குறித்து அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையம் 2021 ஆகஸ்டில் வழக்குத் தொடர்ந்தது. அந்நிதிகளில் முதலிட்ட ஏறத்தாழ 300 பேரிடம் திரட்டப்பட்ட தொகை சுமார் 5.8 கோடி டாலர் என வழக்கில் கூறப்பட்டது. அவ்வாண்டே இக்குழுமம் திவாலானது.

இந்நிகழ்வுகளுக்குப் பின் ஆர்வலர்கள் முழுத்தொகையை முன்னரே செலுத்தத் தயங்கலாயினர். ஓடும் மாதிரியைக் கண்காட்சியில் ஆடிப் பார்த்த பிறகே பதிவு செய்வது பலரது வழக்கமாயிற்று.

இந்தியாவும் பின்பாலும்

இந்தியாவில் பின்பால் இயந்திரங்கள் பரவலாக இருந்ததில்லை. எனினும் அதன் முன்னோடியான பகடெல் இங்கு அறிமுகமான ஒன்று. ஆணிகளும், சிறு குண்டுகளும், சுருள்வில் உந்துதண்டும் கொண்ட பகடெல் பலகை, கேரம் பலகையுடன் பல வீடுகளில் கோடை விடுமுறை விளையாட்டாக இருந்தது.

தமிழ்நாட்டில் 1990களின் இறுதியிலும் 2000களிலும் கணினி கற்ற பலருக்குப் பின்பால் அறிமுகமானது விண்டோசு இயங்குதளத்தில் இருந்த 'ஸ்பேஸ் கேடட்' ஆட்டத்தின் வழியாக ஆகும். சினிமாட்ரானிக்ஸ் உருவாக்கிய இது 1995 இல் விண்டோசு 95இன் கூடுதல் தொகுப்பில் வந்து, விண்டோசு எக்சுபி வரை நீடித்தது, விஸ்டாவில் நீக்கப்பட்டது. 64 பிட்டுக்கு மாற்றியபோது பந்து பிற பொருள்களின் ஊடே புகுந்து விழுந்த பிழையே காரணம் என மைக்ரோசாப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் 2012 இல் விளக்கினார்.

உற்பத்தியிலும் ஓர் இந்தியத் தொடர்பு உண்டு. 2015 இல் இலினாய் மாநிலத்தில் தோன்றி, 2017 இல் 'ஹூடினி' இயந்திரத்தை வெளியிட்ட அமெரிக்கன் பின்பால், எய்ம்ட்ரான் என்னும் மின்னணு ஒப்பந்த உற்பத்திக் குழுமத்தைச் சார்ந்ததாக உருவானது. குஜராத்தின் வடோதராவிலும் எய்ம்ட்ரானுக்கு ஆலை உள்ளது.

பின்பால் இயந்திரம் செய்யத் தேவையானவை மரவேலை, காயில் சுற்றுதல், தகடு வளைத்தல், திரை அச்சு, மின்சுற்றுப் பலகை, நிரலாக்கம் ஆகியவை ஆகும். இவை ஒவ்வொன்றும் தமிழகத்தின் தொழில் நகரங்களில் தனித்தனியே வழக்கில் உள்ள தொழில்களே. பொறியியல் மாணவர்களுக்கு இயந்திரவியல், மின்னியல், கணினியியல் ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் காட்டும் செயல்திட்டமாகச் சிறிய பின்பால் பலகை ஒன்று அமையக்கூடும்.

இவற்றையும் பார்க்க

* பகடெல்
* கேரம்
* பச்சிங்கோ
* ஜக்கார்டு தறி
* வரிச்சுருள்
* திறமூல மென்பொருள்